செவலைக் குட்டியின் தோல்

1985ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. அன்று காலையில், பெற்றவள் காய்ச்சலில் அயர்ந்து கிடந்த நேரம் பார்த்து, அவளிடம் ஒரு வார்த்தையும் கேளாமல், அவளுடைய பெண்குழந்தையைத் தூக்கிச் சென்று, செத்த ஆட்டுக்குட்டி ஒன்றின் தோலில் கிடத்தினார்கள். செய்தவர்கள் அயலார் அல்லர். குழந்தையின் அத்தையும், அதைக் கையில் ஏந்தி நின்ற தகப்பனுமே. இது முறையன்று. எத்தனை நியாயங்களைக் கொண்டு வந்து அடுக்கினாலும் இது முறையன்று.

செண்பகத்தின் உறக்கத்தைக் கலைத்தது ஓர் ஓசை நின்றுபோனமைதான். கொட்டிலில் செவலை ஆட்டின் குட்டி குளிரில் விறைத்துச் செத்த நாள்முதல் அந்த ஆடு ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. கொட்டிலுக்கும் அவள் படுத்திருந்த அறைக்கும் இடையே ஒரே மண்சுவர். ஆகையால் அந்தக் கத்தல் மழையிரைச்சலைத் துளைத்துக்கொண்டு, சுவரின் ஈரத்தையும் புழுக்கை நெடியையும் தன்னோடு இழுத்துக்கொண்டு, நேரே அவள் தலைமாட்டில் வந்து விழும். அன்று காலை அது இல்லை. மழை மட்டும் கூரையில் பெய்துகொண்டிருந்தது. அவள் கண்ணைத் திறவாமலேயே கையை நீட்டித் தூளியைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் தூளி எட்டிப் போய்த் திரும்பியது. அதற்குள் கனம் இல்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டே கொட்டிலுக்குப் போனாள். அவளுடைய நாத்தனார் அஞ்சம்மாள் செவலையின் மடிக்கடியில் சொம்போடு குந்தியிருந்தாள். கணவன் வேங்கடேசன் ஆட்டின் முகத்துக்கு நேரே குழந்தையை ஏந்தி நின்றான். அவன் கைகளுக்கும் குழந்தைக்கும் இடையில், சாம்பலும் உப்பும் தேய்த்த குட்டித் தோல், உரோமப் புறம் மேலாக விரிந்து கிடந்தது. ஆடு நக்கிக்கொண்டிருந்தது. முதலில் தோலை நக்கிற்று. தோலிலிருந்து குழந்தையின் பாதத்துக்கு வந்தது. பாதத்திலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து உச்சிக்கும் போயிற்று. சொம்பில் பால் சுரீர் சுரீரென்று விழுந்தது.

"அண்ணி! இன்னா பண்றீங்க?"

"கத்தாதம்மே. ஆடு பால அடக்கிக்கும்," என்றாள் அஞ்சம்மாள், திரும்பிப் பாராமலேயே. "தோ பாரு, எப்படி எறங்குது பாரு. குட்டி பூட்டதுலேர்ந்து ஒரு சொட்டு குடுத்துதா? இப்ப தன் குட்டின்னு நெனச்சிக்கினு அவுத்து வுட்டுட்டுது."

"அது எங் கொழந்தை, அண்ணி."

"ஒங் கொழந்தைதான், யாரு இல்லன்னது? ஒங்கிட்ட பால் இருந்தா நான் இன்னாத்துக்கு இந்தச் சகதியில குந்திக்கினு இருக்கேன்? டப்பாப் பாலக் குடுத்து வயித்தால போச்சே, மறந்துட்டியா?"

வேங்கடேசன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "கொஞ்ச நாளைக்கித்தான் செண்பகம். ஒனக்கு ஒடம்பு தேறட்டும்."

அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொள்ளாமல் நின்றதற்குக் காரணம் உண்டு. பிள்ளை பெற்ற கையோடு வந்த காய்ச்சல் அவளுடைய முலைப்பாலை வற்றச் செய்துவிட்டது. டப்பாப் பால் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கை கால்கள் குச்சியாகி, அழுவதற்கும் சீவனற்று அது தூளியில் சுருண்டு கிடந்தது. பிழைக்குமா என்று கேட்கும் துணிவு அந்த வீட்டில் எவருக்கும் இருக்கவில்லை.

அஞ்சம்மாள் கணவனோடு ஒத்துப்போகாமல், ஆடுகளை ஓட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்து சேர்ந்தவள். ஓமந்தூரிலிருந்து திண்டிவனம் போகும் சாலையை விட்டு இறங்கினால் வரும், மல்லாட்டை என்னும் நிலக்கடலை விளையும் கொல்லையில், தனித்து நின்ற அந்த வீட்டின் ஆட்சி அவளுடையது. குட்டி செத்த ஆடு பால் தராது. ஆகவே செத்த குட்டியின் தோலை உரித்து, தாயில்லாத வேறொரு குட்டியின் முதுகில் கட்டிவிட்டால், ஆடு மோந்து பார்த்துத் தன் குட்டியென்று ஏமாந்து பால் கொடுக்கும். இது ஆடு வளர்ப்போர் அனைவரும் அறிந்த வழக்கம். செவலையின் குட்டியைத் தோலுரித்தபின் அஞ்சம்மாள் உடலைச் சாக்கிலிட்டு, வாயைக் கட்டி எருக்குழியில் புதைத்துவிட்டாள். ஆனால் அந்தத் தோலில் மனிதக் குழந்தையைக் கிடத்தும் வழக்கம் அந்தப் பக்கத்தில் இல்லை. வழக்கத்தில் இல்லாத ஒன்றை, வழக்கத்தின் பெயரைச் சொல்லிச் செய்தாள் அவள்.

குழந்தை தேறிற்று. கொடுமையே அதுதான். கன்னம் உப்பியது, தொடையில் மடிப்பு விழுந்தது. கறந்து ஊட்டியது போய், நாளடைவில் அஞ்சம்மாள் குழந்தையை நேராக ஆட்டின் காம்பிலேயே பிடித்துக் குடிக்க வைத்தாள். "சூடு ஆறாம வயித்துக்குள்ள போவும்" என்றாள். குடித்து முடித்ததும் குழந்தையைத் தூளியில் இட்டு, அந்தத் தோலையும் தூளிக் கயிற்றிலேயே தொங்கவிட்டாள். வாசம் மாறிவிடக் கூடாதாம். அறை முழுவதும் உப்பு ஊறிய தோலின் நெடி, ஈரக் கம்பளியைத் தீயில் காட்டினாற்போன்ற நெடி, பகலிலும் இரவிலும் அசையாமல் நின்றது. செண்பகம் சோற்றைப் பிசைந்தால் சோற்றில் அது இருந்தது. தலையை முடிந்தால் கையில் அது இருந்தது.

ஒரு மாலையில் குழந்தையை மார்போடு அணைத்துப் பார்த்தாள். பால் இல்லாவிட்டாலும் வாய் வைத்துச் சப்பினால் மீண்டும் ஊறும் என்று மருத்துவமனை நர்சு சொல்லியிருந்தாள். குழந்தை அவளை மோந்து பார்த்தது. மோந்து பார்த்ததை அவள் கண்ணாரக் கண்டாள். அந்தச் சிறிய மூக்குத் துவாரங்கள் விரிந்து சுருங்கின. பிறகு அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கொழந்தை என்னப் பாக்க மாட்டேங்குது மாமா," என்றாள் கணவனிடம்.

வேங்கடேசன் திண்டிவனத்தில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவன். வீடு வந்தால் கண்ணைக் கட்டும். "பச்சக் கொழந்தை இன்னாத்தப் பாக்கும்? வெளக்கத்தான் பாக்கும்."

"வெளக்கப் பாக்கல. செவுத்தப் பாக்குது."

அவன் திரும்பிப் பார்த்தான். தூளிக்குள் குழந்தை கண்ணை இமையாமல், கொட்டில் பக்கத்து மண்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் கொம்பு உராயும் ஓசை கேட்டது. ஓர் உராய்வு, பிறகு ஒரு நிறுத்தம், மீண்டும் ஓர் உராய்வு. இப்பக்கத்தில் சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ஆட்டுக்கு அரிப்பு எடுத்திருக்கும்," என்றான்.

"என்ன முகையூர்ல எங்கப்பா வீட்டுல கொண்டாந்து வுட்டுடுங்க. அங்க எரும இருக்குது. எருமப் பால் குடுத்துப் பாக்குறேன்."

"இந்த மழையிலயா? விழுப்புரம் போறதுக்கே பஸ்ஸு இல்ல. மழ வுடட்டும், போலாம்."

மழை விடவில்லை.

மறுநாள் அவள் வெந்நீர் வைத்து, சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை குழந்தையைத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அழுக்கோடு அழுக்காக ஆட்டின் எச்சில் நீரில் கரைந்து ஓடியது. உச்சியை முகர்ந்தபோது, பல நாள்களுக்குப் பின் முதன்முறையாக, பிள்ளை வாசம் வந்தது. அவள் அழுதுவிட்டாள். ஆனால் செவலை குழந்தையை மோந்ததும் பின்வாங்கியது. காலால் தரையை உதைத்தது. காம்பருகே வந்த சின்னத் தலையை முழங்காலால் தள்ளியது.

"மெட்ராஸ் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கினு வந்தா ஆட்டுக்கு இன்னா தெரியும்?" என்று அஞ்சம்மாள் இரைந்தாள். "யாரோ சினிமாக்காரி பொண்ணுன்னு நெனச்சிக்கிச்சி! ஏம்மே, கொழந்தையப் பட்டினி போட்டுக் கொல்லப் பாக்குறியா? ஒன்னோட பெரிய பேஜாரா பூட்டுது."

பகல் முழுவதும் குழந்தை பசித்து அலறிற்று. அந்தி சாய்கையில் அஞ்சம்மாள் தோலை எடுத்து வந்து, துணி துவைப்பவளைப் போல, குழந்தையின் மேனி முழுவதும் அழுத்தித் தேய்த்தாள். முகத்திலும் தேய்த்தாள். குழந்தை அழுகையை நிறுத்தியது.

அன்று முதல் செவலைக்குச் செண்பகத்தைக் கண்டால் ஆகாது. அவள் கொட்டிலுக்குள் காலெடுத்து வைத்தால் குழந்தைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நிற்கும். தலையைத் தாழ்த்தும். மஞ்சள் கண்ணில் அந்தக் கிடைக்கோட்டுக் கருமணி அவள் கையை மட்டுமே பின்தொடரும். வெறிகொண்ட பார்வையாக அது இருந்திருந்தால் அவளால் பொறுத்துக்கொண்டிருக்க முடியும். குட்டியைக் கவ்வ வந்த நாயைத் தாய் பார்க்கும் பார்வை அது. அந்த வீட்டில் பிள்ளை திருட வந்தவள் யார் என்பதைப் பற்றி அந்த ஆட்டுக்கு ஓர் ஐயமும் இல்லை.

புயல் கரையைக் கடக்கப்போகிறது என்று வானொலி சொன்ன நாளில் வேங்கடேசன் திண்டிவனத்திலிருந்து திரும்பவில்லை, சாலையில் வெள்ளம். பிற்பகலிலேயே வெளிச்சம் வடிந்துபோயிற்று. மற்ற ஆடுகள் ஓடைக்கு அக்கரையில் மாட்டிக்கொண்டன. அஞ்சம்மாள் சாக்கை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வீட்டில் இருந்த ஒரே அரிக்கேன் விளக்கையும் எடுத்துக்கொண்டாள்.

"கரண்டும் இல்ல அண்ணி. வெளக்க வச்சிட்டுப் போங்க."

"இருட்டுல ஓடையத் தாண்டச் சொல்றியா? ஜல்தி வந்துடுறேன். கொழந்தை அழுதுதுன்னா செவலையாண்ட பிடி. வீராப்பு காட்டிக்கினு குந்தியிருக்காத."

போய்விட்டாள். வீட்டில் செண்பகமும் குழந்தையும் இருந்தார்கள். சுவருக்கு அப்பால் அது இருந்தது.

செவலை கத்தத் தொடங்கியது. அழைப்புப் போல ஒரு கத்தல். தூளியில் குழந்தையின் கால்கள் உதைத்துக்கொண்டன. மீண்டும் ஒரு கத்தல், மீண்டும் உதைப்பு. செண்பகம் கயிற்றில் தொங்கிய தோலைப் பார்த்தாள். இத்தனைக்கும் அதுதானே காரணம்? அதை அதற்கு உரியதனிடம் சேர்த்துவிட்டால் என்ன? எருக்குழியில் கிடக்கும் குட்டியோடு சேர்த்துப் புதைத்துவிட்டால், ஏமாற்று முடிந்தது. ஆடு ஆடாகும், பிள்ளை பிள்ளையாகும். பசித்தால் அழட்டும். வெள்ளம் வடிந்ததும் முகையூருக்கு நடந்தாவது போய்விடலாம்.

குழந்தைக்குச் சட்டை போட்டு, குளிருக்குக் குல்லாயும் மாட்டி, துணியால் சுற்றித் தூளியில் கிடத்தினாள். தோலைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு, மண்வெட்டியோடு மழையில் இறங்கினாள்.

எருக்குழி கொல்லையின் மூலையில் இருந்தது. மேலே கருநீர் தளும்பி நின்றது. முழங்கால் அளவு இறங்கி, மழைநீர் கண்ணில் வழிய வழிய, அழுகிய தழையையும் சாணத்தையும் வாரி வாரிக் கொட்டினாள். சாக்கு தட்டுப்பட்டது. இழுத்தாள். எளிதாக வந்தது. மிகவும் எளிதாக வந்தது.

சாக்கு வெறுமையாக இருந்தது.

நாய் தோண்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் மேலிருந்த எருவை எவரும் கலைக்கவில்லை, கலைத்தவள் அவளே. சாக்கில் பல் பட்ட கிழிசல் இல்லை. அஞ்சம்மாள் அதன் வாயைக் கட்டிய கயிறு முடிச்சு அவிழாமல் அப்படியே இருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும், உள்ளிருந்து ஏதோ நெடுநேரம் உதைத்துக்கொண்டிருந்தாற்போல, சணல் இழைகள் தேய்ந்து விலகி நின்றன.

அப்போதுதான் உணர்ந்தாள். ஆடு கத்தவில்லை.

எப்போது நின்றது? அவளுக்குத் தெரியவில்லை. தோல் அக்குளிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது. எடுக்கவில்லை. ஓடினாள். சேற்றில் விழுந்தாள். எழுந்தாள். ஓடினாள்.

கதவு திறந்திருந்தது.

உள்ளே நெடி. தோல் போன பின்பும் நெடி, முன்னிலும் கூடுதலாக, எருக்குழியின் வாடையோடு கலந்து அறையை நிறைத்திருந்தது. தரையில் ஈரம் சொதசொதவென்று காலில் ஒட்டியது. தூளி ஆடிக்கொண்டிருந்தது. மெல்ல, சீராக, இப்போதுதான் எவரோ ஆட்டிவிட்டுப் போனாற்போல. அவள் பாய்ந்து அதன் விளிம்பை விலக்கினாள். இருட்டுக்குள் குல்லாயின் வெண்மை தெரிந்தது. சட்டை தெரிந்தது. உள்ளே உயிரின் அசைவு இருந்தது.

"எங் கண்ணு," என்றாள். "எங் கண்ணு, இங்கதான் இருக்கியா?"

வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, பாயில் சரிந்து உட்கார்ந்தாள். அது முகத்தைத் திருப்பவில்லை. அவளுடைய ரவிக்கையை மோந்து, முட்டி, தேடியது. அவளைத் தேடியது! அந்தக் கணத்தில் அவள் நெஞ்சுக்குள் எங்கோ நரம்புகள் முறுக்கிக்கொண்டு அவிழ்ந்தன. ஆயிரம் ஊசி குத்தினாற்போன்ற வலி. ரவிக்கையின் முன்புறம் சுடச்சுட நனைந்தது. பால். காய்ச்சலில் வற்றிப்போன பால். அவள் விம்மிக்கொண்டே கொக்கிகளை அவிழ்த்தாள். அது பற்றிக்கொண்டது.

எத்தனை பசி! இழுத்த இழுப்பில் முதுகெலும்பு வரை சிலிர்த்தது. பால் சுரக்கச் சுரக்க, விழுங்கும் ஒலி இருட்டில் கேட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதற்காகவே தெய்வங்களையெல்லாம் கூவிக்கொண்டிருந்தாள். என் பிள்ளை. என்னிடம் குடிக்கிறது. இனி எந்த அண்ணியும் வந்து பிடுங்க முடியாது.

அது தலையால் முட்டியது.

குடிப்பதை நிறுத்தி, ஒரு முட்டு. மறுபடியும் குடித்தது. மறுபடியும் முட்டு. கீழிருந்து மேலாக, மடியை இடிப்பது போல. பால் பெருக வேண்டுமென்று.

செண்பகம் கண்ணைத் திறந்தாள்.

அவள் மடி குளிர்ந்திருந்தது. மழையில் நனைந்தவள் அவள். குளிர் தன்னுடையதுதான் என்று எண்ணினாள். எண்ண முயன்றாள். சட்டையின் கையிலிருந்து ஏதோ ஒன்று நீண்டு அவள் விலாவை உதைத்தது. விரல்கள் அல்ல. மென்மையாக, இரண்டாகப் பிளந்த ஒன்று.

சுவருக்கு அப்பால் ஒரு முனகல் எழுந்தது. அடித்தொண்டையில், வாய் திறவாமல், குட்டியை ஈன்ற ஆடு அதை நக்கிக் காய வைக்கும்போது மட்டும் எழுப்பும் முனகல். அதனோடு ஓர் அழுகை. ஒரே ஒரு முறை. அந்த அழுகையை அவள் அறிவாள். உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் ஒருசேர அழவிட்டாலும் அவள் அறிவாள். பசித்த வாய்க்குக் காம்பு கிடைத்ததும் எப்படி அறுமோ, அப்படிப் பாதியில் அறுந்தது.

பிறகு நக்கும் ஓசை.

அவள் கை சட்டைக்குள் போயிற்று. போகச் சொல்லி அவள் ஏவவில்லை. முதுகைத் தடவியது. உரோமம் இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. உரோமம் இல்லை, வழவழப்பாக இருக்கிறது, பிள்ளையின் முதுகுதான். விரல்கள் இன்னும் கொஞ்சம் தடவின. ஈரம். விலாவெலும்புகள், ஒவ்வொன்றாக. நரம்பு. எலும்பின்மேல் நேராக ஓடும் நரம்பு. உப்பும் எருவும்.

உரோமம் இல்லை. தோலும் இல்லை.

கையை வெளியே எடுத்தாள். தள்ளிவிடுவதற்காக அதன் தலையைப் பற்றினாள். குல்லாய் கையோடு வந்தது. அது மீண்டும் ஒருமுறை முட்டியது. அவளுக்குள் பால் மறுபடியும் பொங்கி இறங்கியது, நிறுத்த முடியவில்லை, அவளைக் கேளாமலேயே இறங்கியது. அது குளிரில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் முந்தானையை இழுத்து அதைப் போர்த்தினாள்.

அவளால் எழுந்து போக முடியாது. அது இன்னும் குடித்து முடிக்கவில்லை. ஆகவே நீங்கள் போங்கள். இவ்வளவு நேரம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர் நீங்கள்தாமே? எழுந்திருங்கள். மழையில் இறங்கிக் கொட்டிலின் படலைத் திறந்து, தலையைத் தாழ்த்தி நிற்கும் அந்த ஆட்டைத் தாண்டிப் போய், அதன் காலடியில் கிடக்கும் பெண்குழந்தையைத் தூக்குங்கள். அதன் முதுகில் ஒட்டியிருப்பதைப் பிய்த்து எறியுங்கள். பிய்க்க வருகிறதா என்று பாருங்கள். விளக்கை மட்டும் இந்த அறைக்குள் கொண்டு வராதீர்கள்.